டப்பாவில் காரை பிடிக்காது

பிரஷ்ஷம்மாவின் கைகள் குழாயடியில் வேலையாக இருந்தன. இடது உள்ளங்கையில் ஒரு கீழ்வரிசை ரிடெய்னர், கிளிப் கழற்றிய பல் நகராமலிருக்க ராத்திரி மாட்டுகிற கம்பித் தகடு. நீல நிறம், உள்ளே மினுக்குத் தூள். கிளிப் கழற்றிய பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிற ரகம். வலது கையில் மெத்தென்ற பிரஷ். தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் ரிடெய்னர் கோணிக்கொள்ளும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். கீறலுக்குள் அழுக்குக் குடியேறும்.

அந்தப் பல் மருத்துவமனையில் அவள் இருபத்தோரு வருஷமாக உதவியாளர். பூசணிக்காய் அளவுள்ள பொம்மை வாயை மடியில் வைத்துக்கொண்டு, கம்பிக்கு அடியில் எப்படித் தேய்ப்பது என்று காட்டிக் காட்டியே அந்தப் பெயர் வந்தது. கம்பி குத்தினால் மெழுகை உருட்டி ஒட்டு, ஒப்பாரி வைக்காதே. பிசுபிசுப்பு மிட்டாய் தின்று கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்தால் நான் ஆள் இல்லை. சாப்பிடும்போது ரிடெய்னரைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைக்காதே, குப்பைக்குப் போகும், டப்பாவில் வை. இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் கண்ணை உருட்டி ஒன்று சொல்வாள்:

"ஒரு ராத்திரி விட்டாலும் பல்லு கிளம்பிடும். பழைய இடத்துக்கே போயிடும். ஆயுசுக்கும் போடணும், ஆமா!"

பிள்ளைகள் மிரண்டு தலையாட்டும். அவள் கீழ்ப்பற்களோ சரிந்த வேலி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று டாக்டரம்மா கேட்டால், "எனக்குச் சிரிக்க நேரமில்ல டாக்டரம்மா, அது எப்படி நின்னா என்ன" என்பாள்.

இதற்கு முன் பதினோரு வருஷம் படுத்த படுக்கையான முதியவர்களின் விடுதியில் இருந்தாள். காலையில் நாற்பது பேருடைய செயற்கைப் பற்களைக் கழுவி, ஒன்றுகூட மாறாமல் அவரவர் வாயில் கொண்டு சேர்ப்பாள். முகம் மறந்தாலும் வாய் மறக்காது அவளுக்கு.

அன்று குழாயடியில் அவள் கை நின்றது அதனால்தான்.

ரிடெய்னரின் உட்புறம் காரை பிடித்திருந்தது. அதில் அதிசயமில்லை. டப்பாவில் காரை பிடிக்காது, எச்சில் ஊறுகிற வாயில்தான் பிடிக்கும். ஆக, போடவேண்டியவள் ஒழுங்காகப் போடுகிறாள். ஆனால் ஃபைலின்படி அவளுக்கு வயது இருபத்து மூன்று; இது அந்த வயதுப் பெண்ணின் வாய்க் காரை இல்லை. பழுப்பேறி, ஓடுபோலக் கெட்டியாக இருந்தது. மூன்று முறை அலசியும் ஒரு வாடை போகவில்லை. அந்த வாடையை விடுதியில் பதினோரு வருஷம் முகர்ந்திருக்கிறாள். ஈறு கீழே இறங்கி, பல் ஆட்டம் கண்டவர்களின் வாடை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முன்கம்பியின் வளைவில் இடுக்கி கடித்த தழும்புகள். இரண்டு பற்கள் உட்காருகிற இடத்தில், மினுக்குத் தூளுக்கு மேல், நூலளவு காய்ந்த ரத்தம்.

கொண்டுவந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகள் வெளியூரில் படிக்கிறாள், ரிடெய்னரை மட்டும் சுத்தம் செய்து கொடுங்கள் என்பார். போன தடவைவரை அதில் மெல்லிய படிவம்தான் இருந்தது. ஆறு அட்டைகளைக் கொடுத்துவிட்டு ஆறு புது அட்டைகள் வாங்கிக்கொள்வார். ரிடெய்னர் போட்ட ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கட்டத்தில் டிக் போடுகிற அட்டை அது. பிள்ளைகள் முதல் வாரம் போடும், அப்புறம் அட்டையே காணாமல் போகும். இந்த வீட்டு அட்டையில் மட்டும் ஒரு கட்டம் காலி இருக்காது.

"இந்தப் பொண்ணுக்கு ஒரு சிலையே வைக்கலாம் பிரஷ்ஷம்மா," என்பாள் வரவேற்பு மேசைப் பெண். "நான்லாம் என் ரிடெய்னரை நாய்க்குப் பந்தி வச்சவ."

பிரஷ்ஷம்மா கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள்.

"சார், பொண்ணு எங்க?"

"வெளியூர்லதாம்மா. சொன்னேனே."

"அவ அங்க, ரிடெய்னர் இங்க. அப்ப ராத்திரி எதைப் போடறா?"

"அது... அவ லீவுக்கு வந்தப்ப விட்டுட்டுப் போயிட்டா."

"வாய் இல்லாம இதை மட்டும் வச்சு நான் எதைப் பாக்கறது? ரத்தம் வந்திருக்கு சார். பல்லு ஆடுது. இப்படியே விட்டா கீழ முன்பல்லு ரெண்டும் கையோட வந்துடும். இடுக்கி வச்சது யாரு, நீங்களா?"

அவர் கைகளை முழங்காலுக்குக் கீழே ஒளித்துக்கொண்டார்.

"வாயைக் கூட்டிட்டு வாங்க. அப்பதான் தருவேன்."

"அம்மா, ராத்திரிக்குள்ள வேணும்மா." குரல் இறங்கியது. "இல்லேன்னா வீட்டுல... இருக்க முடியாது. தயவு பண்ணுங்க."

பிரஷ்ஷம்மா ரிடெய்னரைத் தண்ணீர் விட்ட டப்பாவில் போட்டு மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் அதையே பார்த்தார். பிறகு எழுந்து போனார்.

அவள் அந்தப் பெண்ணின் ஃபைலை எடுத்து ஏழு வருஷ அட்டைகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். ஆரம்ப அட்டைகள் பிள்ளைத்தனமானவை. ஒரு டிக் பச்சைப் பேனாவில், ஒன்று சிவப்பில், இடையிடையே காலி, ஒரு கட்டத்தில் நட்சத்திரம், ஒரு கட்டத்தில் 'மறந்துட்டேன் சாரி'. இப்படி இரண்டு வருஷம். பிறகு ஒரு மாதத்தின் நடுவில் டிக் நின்றுபோயிருந்தது. விரல் வைத்து எண்ணினாள். இருபத்திரண்டு கட்டம் காலி. அதன் பிறகு மறுபடி டிக். ஒரே பென்சில், ஒரே சாய்வு, ஒரே நீளம். அங்கிருந்து இன்றுவரை ஐந்து வருஷம், ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை.

"இது வேற கை," என்றாள் பிரஷ்ஷம்மா.

மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் திரும்பி வந்தார். கூட ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, அவர் மனைவி. கைக்குட்டையால் வாயை மூடியிருந்தாள். யாரும் சொல்லாமலே நேராகப் போய் நாற்காலியில் சாய்ந்து, கைக்குட்டையை எடுத்து, வாயைத் திறந்தாள்.

டாக்டரம்மா விளக்கை இழுத்தார். பிரஷ்ஷம்மா கண்ணாடியை நீட்டிப் பார்த்தாள்.

ஈறு சிவந்து இறங்கியிருந்தது. நடுவில் இரண்டு பல் லேசாக ஆடின. அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த ஆறு பற்கள் நின்ற விதம்! அளவெடுத்து வளைத்த அரைவட்டம். இடதுபக்கக் கோரைப்பல் மட்டும் மயிரிழை திரும்பி நின்றது. அந்தத் திருப்பத்தை அவளுக்குத் தெரியும். கிளிப் கழற்றிய அன்று டாக்டரம்மா அதைச் சரிசெய்யப் பார்த்தபோது, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, "அது இருக்கட்டும் டாக்டர், அதுதான் நான்" என்று சிரித்தாள்.

"எத்தனை வருஷமா போடறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அஞ்சு வருஷம்."

"பொண்ணு?"

அவள் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள்தான் சொன்னாள். "காய்ச்சல். நாலே நாள். பதினெட்டு முடியல." வேறொருவர் வீட்டுச் செய்தி போலச் சொன்னாள். "அப்புறம் ஒரு நாள் அவ மேசையில அந்த டப்பா. திறந்தா உள்ளயே இருக்கு. இருபத்திரண்டு நாளா யாரும் போடல. எனக்குத் திக்குன்னு ஆச்சு. நீங்கதானே சொன்னீங்க?"

அவள் பார்த்தது பிரஷ்ஷம்மாவை.

"நானா?"

"ஒரு ராத்திரி விட்டாலும் கிளம்பிடும், ஆயுசுக்கும் போடணும்னு. அன்னிக்கு நானும் இந்த ரூம்லதான் இருந்தேன். அவ ஆயுசு முடிஞ்சுது. என் ஆயுசு இருக்கே."

பிரஷ்ஷம்மா கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தாள்.

"முதல்ல ஏறவே இல்ல," என்றாள் அந்தத் தாய். "இவர்தான் கம்பியைத் தளர்த்திக் கொடுத்தாரு. பத்து நிமிஷம் போடுவேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. அப்புறம் ஒரு மணி நேரம். பல்லு கொஞ்சம் நகர்ந்ததும் இவர் கொஞ்சம் இறுக்குவாரு. ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு நாள் காலைல தானா போய் 'டக்'னு உக்காந்துச்சு. கண்ணாடியில சிரிச்சுப் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவதான் சிரிச்சா."

"அதுலேருந்து இவ சிரிச்சா நான் எழுந்து வெளிய போயிடுவேன்," என்றார் கணவர், ஜன்னலைப் பார்த்தபடியே. "ஆனா போடாதேன்னும் சொல்ல முடியல. நாள் தவறாம இறுக்கிக் கொடுத்தேன்."

டாக்டரம்மா மாவு கலந்து அச்சு எடுத்தார். பிரஷ்ஷம்மா பிளாஸ்டரை ஊற்றிக் காயவிட்டாள். முக்கால் மணி நேரம். அதற்குள் பின்னறைக்குப் போனாள். சிகிச்சை முடிந்தவர்களின் பல் அச்சுகள் அட்டைப்பெட்டிகளில் எண் போட்டுக் கூரைவரை அடுக்கியிருக்கும் அறை. இருபத்தோரு வருஷமாகத் தூசி தட்டுகிற அறைதான். அன்று மட்டும் விளக்கைப் போடுமுன் வாசலில் ஒரு கணம் நின்றாள். அத்தனை பெட்டிக்குள்ளும் வாய்கள். பிறகு, "சும்மா கிட சனியனே" என்று தன் நெஞ்சைத்தான் திட்டிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தாள்.

மகளின் மேல்வரிசை அச்சு. தாயின் கீழ்வரிசை அச்சு, இன்னும் சூடு ஆறாதது. டாக்டரம்மா ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார்.

சிறிய சத்தத்தோடு பொருந்திக்கொண்டன. விட்டுப் பார்த்தார், ஆடவில்லை. கோரைப்பல் திரும்பிய இடத்தில்கூட இடைவெளி இல்லை. மேசைமேல், இல்லாத ஒருத்தியின் வாய் முழுதாக மூடி உட்கார்ந்திருந்தது.

தாய் நாற்காலியிலிருந்து எக்கிப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றாள். பெருமையாக.

பிரஷ்ஷம்மாவுக்கு அந்தப் பெருமைதான் தாங்கவில்லை. நாற்காலிக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்கம்மா. நான் சொன்னதை ஒழுங்கா கேட்ட ஒரே ஆளு நீங்கதான். ஆனா நான் பிள்ளைங்களைப் பயமுறுத்தறதுக்குச் சொன்னது அது. பாதிதான் நெசம். பல்லு ஆடிச்சுன்னா, ரத்தம் வந்துச்சுன்னா, அன்னிக்கே இங்க வரணும். அந்த மீதியை நான் சொல்லல. இன்னும் ஆறு மாசம் இதைப் போட்டா ரெண்டு பல்லும் விழும். அப்புறம் கண்ணாடியில நீங்களும் இருக்க மாட்டீங்க, அவளும் இருக்க மாட்டா. பொக்கைதான் இருக்கும்."

"கழட்டினா போயிடுவாளே."

"போகாம டாக்டரம்மா பண்ணுவாங்க."

டாக்டரம்மா விளக்கினார். காரையைச் சுரண்டி ஈற்றைச் சுத்தம் செய்துவிட்டு, ஆறு பல்லுக்கும் பின்னால் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிவிடலாம். ஆடுகிற பல்லை மற்றவை தாங்கும். இருக்கிற இடத்திலேயே நிற்கும். ராத்திரி எதையும் போட வேண்டாம், கழற்றவும் வேண்டாம். மாதாமாதம் வந்து காட்ட வேண்டும்.

"நான் மறந்தாலும் நிக்குமா?"

"நீங்க மறந்தாலும் நிக்கும்," என்றாள் பிரஷ்ஷம்மா.

கணவர் அப்போதுதான் ஜன்னலைவிட்டுத் திரும்பினார்.

வேலை முடிய ஆறு மணி ஆயிற்று. கம்பிக்கு அடியில் நூல்போல மெல்லிய பிரஷ்ஷை எப்படி நுழைப்பது என்று பொம்மை வாயில் காட்டினாள் பிரஷ்ஷம்மா. தாய் அதே இடத்தில் உட்கார்ந்து பள்ளிப் பிள்ளை மாதிரி செய்துகாட்டினாள். வாசல்வரை போனவள், திரும்பி வந்தாள். கைப்பையிலிருந்து நடப்பு மாத அட்டையையும் ஒரு குட்டைப் பென்சிலையும் எடுத்தாள்.

"இன்னிக்கு ராத்திரி கட்டம் காலியா போயிடுமே."

"அதான் கம்பி போட்டாச்சே. அட்டை வேண்டாம்."

"தெரியும். ஆனா காலியா இருக்குமே." அட்டையை நீட்டினாள். "நான் வச்சிருந்தா மறுபடி ஆரம்பிச்சுடுவேன். நீங்க வாங்கிக்குங்க."

பிரஷ்ஷம்மா வாங்கிக்கொண்டாள். "நான் பாத்துக்கறேன். போய்ச் சாப்பிடுங்க. ஒரு வாரம் கடிச்சுத் தின்னாதீங்க."

மறுநாள் காலை, கதவு திறந்ததும் அவள் முதலில் போனது குழாயடிக்கு. திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட டப்பாவிலிருந்த பழைய தண்ணீரைக் கொட்டினாள். நீல ரிடெய்னரைப் பச்சைத் தண்ணீரில் அலசி, நேற்றே காரை சுரண்டியிருந்த உட்புறத்தை விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது, ஒரே ராத்திரியில் என்ன வந்துவிடப்போகிறது? ஆனாலும் இன்னொரு முறை தடவினாள். புதுத் தண்ணீர் விட்டு மூடி, மகளின் அச்சுப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

பிறகு குட்டைப் பென்சிலை எடுத்து, நேற்றைய கட்டத்தில் அதே சாய்வில், அதே நீளத்தில் ஒரு டிக் போட்டாள்.

எட்டரைக்குக் கிளிப் கழற்ற ஒரு சிறுமி வந்தாள். பொம்மை வாயை மடியில் வைத்துக்கொண்டு, வெந்நீர், பற்பசை, டப்பா என்று எல்லாம் சொல்லி முடித்தாள் பிரஷ்ஷம்மா. கடைசி வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"வலிச்சாலோ ரத்தம் வந்தாலோ, போடறதை நிறுத்திட்டு நேரா என்கிட்ட வா. வேற யார் கையிலயும் குடுக்காதே. இது உன் வாய்க்கு மட்டுந்தான்."

"வேற யாரு போடுவாங்க?" என்று சிறுமி சிரித்தாள்.

பிரஷ்ஷம்மா அவள் பற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு புது அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.