மாமனாரின் பேசும் கம்ப்யூட்டர்

மல்லசமுத்திரத்தில் இருக்கும் என் மாமனார் வீட்டில் எனக்குக் ‘கம்ப்யூட்டர் மாப்பிள்ளை’ என்று பெயர். நான் பனமரத்துப்பட்டியில் குடியிருந்துகொண்டு, சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்த வித்தை இரண்டுதான். அணைத்துவிட்டுப் போடுவது, வயரைப் பிடுங்கிச் செருகுவது. இவற்றை வைத்துக்கொண்டே சொந்தபந்தத்தில் பல வருடம் பவனி வந்துவிட்டேன். என்ன கோளாறு என்று யாராவது கேட்டால், “டிரைவர் பிரச்சினைங்க” என்பேன். கம்ப்யூட்டரில் டிரைவர் என்பது ஒரு வகை மென்பொருள்; ஆனாலும் லாரிக்காரக் குடும்பம் என்பதால் அந்தப் பதில் உடனே எடுபடும்.

மாமனார் சொந்த லாரியை வடநாடு வரைக்கும் ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோனபின் லாரியை விற்றுவிட்டார். அதுவரைக்கும் டீக்கடைப் பேப்பரை டெண்டர் விளம்பரம் உட்பட விடாமல் படிக்கிற மனிதர். பார்வை போனதும் அத்தை கொஞ்ச நாள் பேப்பரை வாசித்துக் காட்டினார்கள். மாமா அதையும் நிறுத்திவிட்டார்.

“எனக்குன்னு ஒருத்தரு வேலையப் போட்டுட்டு ஒக்காந்து படிக்கோணுமாக்கும்? போதும் போ.”

டிவியும் அவருக்கு ஆகவில்லை. “அவன் சொல்றதத்தான் நாம கேக்கோணும். நாம கேக்கறத அவன் எங்க சொல்றான்?” என்று அணைத்துவிட்டார். அதன்பிறகு அவர் எதையும் யாரிடமும் கேட்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். என் மனைவிக்கு அதுதான் பொறுக்கவில்லை. “ஏனுங்க, கண்ணு தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டற கம்ப்யூட்டர் இருக்குதாமா. நீங்கதான் பெரிய கம்ப்யூட்டர் மாப்பிள்ளையாச்சே, தேடிப் பாருங்க” என்றாள். அவள் குரலில் பாதி வேண்டுதல், பாதி நக்கல்.

தேடினேன். முதலில் கிடைத்தது காசு கேட்டது. அதன் திருட்டுப் பிரதியை ஒரு நண்பர் கொடுத்தார்; அது வாசிப்பதற்குப் பதிலாக ரம்மி விளையாடக் கூப்பிட்டது. மூன்றாவதாகத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிற சங்கதி கண்ணில் பட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். இயங்குதளமே இலவசம். திரையில் இருப்பதைச் சத்தமாக வாசிக்கும் திரைவாசிப்பானும் அதற்குள்ளேயே இருந்தது, தமிழ்க் குரலோடு. இதில் எங்கோ ஒரு வில்லங்கம் இருக்க வேண்டும் என்று நான் கடைசிவரை சந்தேகப்பட்டேன். வில்லங்கம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதை என் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எங்கள் கல்யாணப் போட்டோக்களை நானே அழித்துவிட்டேன்.

கொண்டுபோய் வைத்ததும் மாமா ஒரு நிபந்தனை போட்டார். “ஒருக்கா பாப்பம் மாப்ள. சரிப்பட்டு வரலீன்னா எடுத்துட்டுப் போயிருங்க. மறுக்கா ஒண்ணையும் கொண்டாந்து வெக்கப்படாது.”

இந்த மனிதர் ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அந்தத் தமிழ்க் குரல் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. “இந்தாளுக்குச் சளி புடிச்சிருக்குதுங்களா மாப்ள?” என்று அத்தை கேட்டார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, இன்ஜின் சத்தம் கேட்கிற மாதிரி கேட்டார். விசைப்பலகையில் விரலை ஊன்றி ஒவ்வொரு பொத்தானாகப் பழகினார். கொஞ்ச நாளில் பேப்பரின் இணையப் பக்கத்தைத் தானே திறந்துவிட்டார். என் மனைவி சமையல்கட்டில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான், எல்லாம் என் சாமர்த்தியம் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்தினேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நாங்கள் போனபோது கம்ப்யூட்டர் ஊமையாகியிருந்தது. திரை எரிகிறது, எல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. நமக்கு அது சின்னக் கோளாறு. மாமாவுக்கோ மொத்தமும் இருட்டு.

“எடுத்துட்டுப் போயிருங்க மாப்ள” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

“சித்த பொறுங்க மாமா. டிரைவர் பிரச்சினைதானுங்க” என்று சொல்லிவிட்டு என் இரண்டு வித்தைகளையும் இறக்கினேன். அணைத்துப் போட்டேன். அலமாரித் தட்டில் சுவரை ஒட்டியிருந்த பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, ஸ்பீக்கர் வயரை அழுத்திப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினேன். ஒரு முனகல்கூட வரவில்லை.

வேறு வழியில்லாமல், அந்தத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணைய மன்றத்தில் ஆலைக் கடிதங்களில் பழகிய என் ஆங்கிலத்தில் முறையிட்டேன். திரையைப் படம் பிடித்து, சிவப்பில் வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, மூன்று படம் சேர்த்தேன். என் வேலைப்பாட்டை நானே ரசித்தேன்.

அத்தை கொடுத்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர், நான் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு நாட்டிலிருந்து எழுதியிருந்தார். படங்களுக்கு நன்றி, எனக்குப் பார்வை கிடையாது, என் கம்ப்யூட்டர் ‘படம், படம், படம்’ என்று மட்டும் வாசித்தது, நடந்ததை வார்த்தையில் சொல்லுங்கள் என்றிருந்தார். இந்தத் திரைவாசிப்பானில் சில பகுதிகளை எழுதியவரே அவர்தான் என்று கீழே இருந்தது.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். கண் தெரியாதவருக்கு அம்புக்குறி வரைந்து அனுப்பியதை நினைத்து வெட்கப்படக்கூட முடியவில்லை, ஆச்சரியம் முந்திக்கொண்டது. மாமாவிடம் படித்துச் சொன்னேன்.

“இதச் செஞ்சவருக்கே கண்ணு தெரியாதுங்களா?”

“ஆமாங்க மாமா.”

“நமக்கெதுக்கு அவரு மெனக்கெடறாரு?”

“தெரியலீங்க. சம்பளமும் இல்லையாமா.”

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “காட்டு ரோட்டுல நம்ம வண்டி பழுதாகி நின்னா, எந்த ஊரு டிரைவரா இருந்தாலும் வண்டிய நிறுத்தி எறங்கி வருவானுங்க. பாஷ தெரியாது, பேரு தெரியாது. ஜாக்கியத் தூக்கிட்டு வருவான். அந்த மாதிரியாட்ட இருக்குது” என்றார்.

நடந்ததை வார்த்தையில் எழுதினேன். அடுத்த பதிலில் அவர் மென்பொருளைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. ஸ்பீக்கர் வயரை முழுசாக உருவி, அதன் நுனியையும் அது போகும் துளையையும் விரலால் தடவிப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருந்தார்.

“நகுருங்க மாப்ள” என்று மாமா எழுந்தார். பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, வயரை உருவி, நுனியை விரலில் உருட்டினார். துளையை நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

“அடியே, இங்க வா. இதுக்குச் சந்தனம் வெச்சயா?”

அத்தை வந்து நின்றார்கள். “லாரி இருந்தப்ப அத்தன சக்கரத்துக்கும் வெப்பனல்லங்க? இப்ப ஊட்டுல ஓடறது இது ஒண்ணுதான். வயரயெல்லாம் கழட்டித் தொடச்சு, ஓட்டை ஓட்டையாப் பொட்டு வெச்சு, திருப்பி மாட்டியுட்டுட்டன். ஏன், தப்புங்களா?”

முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் அழகாக இருந்ததை வந்ததுமே பார்த்திருந்தேன். பின்பக்கத்துக்கும் அதே மரியாதை நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயரோடு உள்ளே போன சந்தனம் சுவர்ப் பூச்சு மாதிரி காய்ந்திருந்தது. மாமா பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, துளையைப் பொறுமையாகத் துடைத்தார். நான் டார்ச் அடித்தேன். யாருக்காக அடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வயரைச் செருகியதும் அந்தச் சளி பிடித்த குரல் பேசியது. எவ்வளவோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அந்த மூக்குக் குரலுக்கு உடம்பு சிலிர்த்தமாதிரி எதற்கும் சிலிர்த்ததில்லை. மன்றத்தில் நன்றி எழுதி, சந்தனம் என்றால் என்ன, சக்கரத்துக்கு ஏன் வைக்கிறோம் என்றும் விளக்கினேன். நல்ல வாசனையான கோளாறு, இதுவரை கேள்விப்பட்டதில்லை என்று பதில் வந்தது.

போன வாரம் போயிருந்தேன். மாமா குரலின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தார். அது தமிழா, தகரத்தில் விழுகிற ஆலங்கட்டியா என்று எனக்குப் புரியவில்லை. திரை அணைந்திருந்தது. போடக் கை நீட்டினேன்.

“அது எதுக்குங்க? கரண்டுதான் வீணு.”

கையை இழுத்துக்கொண்டேன். கறுத்த கண்ணாடிக்கு முன்னால் அவர் விரல்கள் ஓடின, நின்றன, பின்னால் வந்து மறுபடி ஓடின. உள்ளே ஒரு முழு உலகம் நடக்கிறது. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

“என்னங்க மாமா சொல்லுது?”

“சித்த இருங்க, படிச்சுச் சொல்றன்” என்றார். காதைச் சாய்த்தார். “சேலம் சுத்துவட்டாரத்துல பலத்த மழையாமா. பனமரத்துப்பட்டிக்கு இப்ப வண்டிய எடுக்காதீங்க மாப்ள. ஒக்காருங்க, அடுத்ததப் படிக்கறன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.