மூன்று சுற்றும் வலமாக

எழுபதுகளில், நாடு விட்டு வந்து குடியேறிய டூங்கபியில் எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஒரு பெப்ரவரியில் மனைவி போன பிறகு ஒருவர். பிள்ளைகள் இல்லாததால் கொள்ளிக்குடம் என் தோளுக்கு வந்தது.

ஐயர் கிடைக்கவில்லை. மண்குடமும் இல்லை. பரமட்டாவில் நான்கு கடை ஏறி ஒரு பூச்சாடி வாங்கினேன். அதன் அடியில் ஏற்கெனவே ஓர் ஓட்டை. சுற்றுக்கு ஒன்றாக மூன்று ஓட்டைதான் முறை. நான்காகிவிடக் கூடாதென்று கோதுமை மாவைப் பிசைந்து அடைத்தேன். தண்ணீர் நிரப்பிய சாடியுடன் சவப்பெட்டியை மூன்று முறை சுற்றினேன். ஆணியும் சுத்தியலுமாக நண்பர் ஒருவர் பின்னால் வந்து துளையிட்டார். நின்று பார்த்தவர்கள் பதினொரு பேர்.

திரும்பும்போது கார் ஓட்டிய அந்த நண்பர் மெல்லச் சொன்னார்: "அண்ணை, குறை நினையாதேங்கோ. செத்தவையை இடப்பக்கமாயெல்லோ சுத்திறது? நீங்கள் கோயிலைச் சுத்துற மாதிரி வலமாச் சுத்திப் போட்டியள்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சாடி உடையாமல் ஆணி அடிக்கிறதிலைதான் என்ரை கண்."

அதன்பின் எனக்கு நித்திரை இல்லை. இடமாகச் சுற்றுவது, இனித் திரும்பாமல் போய் வா என்று வழிவிடுவதற்கு. நான் அவளைப் போகவிடாமல் மறித்துவிட்டேனோ? தெரியாத நாட்டில், வழி கேட்க ஒருவருமின்றி நிற்கிறாளோ?

அடுத்த வீட்டில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி இருந்தார். தேவாலயத்துக்குப் போகமாட்டார். சூரியனையும் நிலவையும் மரங்களையும் வணங்கும், கிறிஸ்துவுக்கு முந்திய வழி தன்னுடையது என்பார். கணவரின் சாம்பலைப் பின்வளவு யூக்கலிப்டஸ் மரத்தடியில் இட்டிருந்தார். இலையுதிர் காலத்தில், ஏப்ரல் கடைசியில், அவருக்கு இறந்தோர் நாள். கணவருக்கும் ஒரு தட்டு வைப்பார். அந்த வருடம் என்னையும் அழைத்தார். மேசையில் நான்கு தட்டுகள். நான்காவது யாருக்கு என்றேன்.

"உங்கள் மனைவிக்கு. அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. உருளைக்கிழங்கு வைத்திருக்கிறேன்."

அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. பூச்சாடி, வலம், இடம், எல்லாம் சொன்னேன்.

"கோயிலில் ஏன் வலமாகச் சுற்றுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"சூரியன் போகும் போக்கில்."

"அது உங்கள் ஊர்ச் சூரியன். இங்கே, பூமியின் தென்பாதியில், அது வடக்குப் பக்கமாக, வலமிருந்து இடமாகப் போகிறது. வந்த புதிதில் நானும் பிழையாகத்தான் சுற்றினேன். இறந்தவரைச் சூரியனுக்கு எதிராகத்தானே சுற்ற வேண்டும்? இங்கே வலமாகச் சுற்றிய நீங்கள் அப்படித்தான் சுற்றியிருக்கிறீர்கள்."

சொன்னதை அப்படியே நம்புகிறவன் அல்ல நான். மறுநாள் முற்றத்தில் ஒரு தடியை நட்டு, மணிக்கொரு தடவையாக ஒன்பது முறை நிழலைத் தாளில் குறித்தேன். நிழல் கடிகார முள்ளுக்கு எதிராகவே நகர்ந்தது.

மாலையில் அந்தத் தாளுடன் அவரிடம் போனேன். மரத்தடியில் நின்றவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"வாருங்கள், சுற்றுவோம்."

"எந்தப் பக்கமாக?"

"நீங்கள் உங்கள் மனைவியைச் சுற்றிய பக்கமாக."

வலமாக நடந்தோம். கோயிலில் என் மனைவி ஒருநாளும் சுற்றை எண்ணியதில்லை. எண்ணுவது என் வேலை. கதைத்துக்கொண்டே வந்து, நடுவில் என் சட்டைக் கையை இழுத்து, "இஞ்சாருங்கோ, இது எத்தினையாம் சுத்து?" என்பாள்.

"ரெண்டாம் சுத்து" என்றேன், சத்தமாகவே. பக்கத்தில் வந்தவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு நடந்தார்.