எலிக்குட்டிக்கு ஒரு வளர்ப்பம்மா

எலிய விரட்டச் சம்பளம் வாங்குறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. நான் எலிய வளக்கச் சம்பளம் வாங்குறவ. தெரணியகலைப் பக்கம், எங்க தேயிலைத் தோட்டத்துக்குக் கீழ ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. வியாதிகள ஆராயுறதுக்காக மரபணு மாத்தின எலிகள அங்க வளக்குறாங்க. கூடு கழுவுறது, தீனி வைக்கிறது, குட்டிகளப் பாத்துக்கிறது என் வேலை.

கைப்புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போற அம்மாமாருக்கு என் பாடு வெளங்கும். என் மகன், வேலைக்குப் போறவங்க புள்ளைங்களப் பாத்துக்கிற தோட்டத்துப் புள்ளக்காம்பராவுல போத்தல் பால வாயிலயே வைக்கல. "இந்த மாசத்துக்குள்ள குடிக்கலேன்னா வேலைய விட்டுரு"ன்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு.

பவுடர்

மொத நாள் தலைக்கு எண்ணெய் தடவி, பவுடர் போட்டு, பூவும் வச்சுக்கிட்டுப் போனேன். வேலை பழக்குற குசும் அக்கா வாசல்லயே மறிச்சாங்க. புது வாசம் பட்டா தாய் எலி பயந்து, தன் குட்டியவே தின்னாலும் தின்னுருமாம். தலையோட குளிச்சு, வாசமில்லாத சோப்புப் போட்டு, அவங்க குடுத்த உடுப்ப மாத்தின பொறகுதான் உள்ள விட்டாங்க. எனக்கு வெக்கத்துல தலை நிமிரல. தங்கச்சின்னு சிங்களத்துல கூப்புட்டு, மிச்சத்த அவங்களுக்குத் தெரிஞ்ச தமிழ்ல கேட்டாங்க: "நங்கி, ஒன்ன பொண்ணு பாக்கவா எலி இருக்கு?"

பச்சை வெளிச்சம்

கடல்ல மின்னுற ஒரு உயிரோட மரபணு சில எலிக்கு இருக்கு. நீல லைட்ட அடிச்சா அதுங்களோட குட்டிங்க பச்சையா மின்னும். வாய் சும்மா இருக்காம பக்கத்து காம்பராவுல குடியிருக்கிற செல்விக்காகிட்ட சொல்லிட்டேன். மறுநாள் கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லாருக்கும் இதே பேச்சு. அந்தப் பக்கமா வந்த என்னப் பாத்து செல்விக்கா அங்கருந்தே கத்துனாங்க: "அடியே, கரண்டு போற நாளைக்கு ஒன்னு கொண்டாந்து விடேன், புள்ளைங்க பாடம் படிக்கட்டும்!"

கறுப்பி

ஒரு எலி வகையில குட்டி போடக்கூடியது ஒரே ஒரு கறுப்பு எலிதான் மிச்சம் இருந்துச்சு. அது குட்டி போட்டுச்சு, ஆனா ஒன்னையும் கிட்ட சேக்கல. ஆராய்ச்சி செய்யிற மிஸ்ஸுக்கு மொகமே செத்துப்போச்சு.

குசும் அக்கா பதறல. அப்பத்தான் குட்டி போட்டிருந்த ஒரு வெள்ளை எலியோட கூட்டுல இருந்து மரத்தூள அள்ளி, கறுப்பியோட குட்டிங்க மேல மெதுவாப் பெரட்டினாங்க. வெள்ளச்சி வாசம் ஏறுனதும் அவளோட குட்டிங்களுக்கு நடுவுல வச்சாங்க. பொறந்த எலிக்குட்டிக்குத் தோல் கண்ணாடி மாதிரி. குடிச்ச பால் வயித்துல வெள்ளையாத் தெரியும். மத்தியானம் பாத்தா, கறுப்பியோட குட்டிங்க அத்தனைக்கும் வயித்துல வெள்ளை. மிஸ் கண்ணத் தொடச்சுக்கிட்டு சொன்னாங்க: "குசும், இனி எனக்கும் ஒரு பிளேன்டீ எறங்கும்."

நைட்டி

மறுநாள், நான் உடுத்திப் படுத்த நைட்டிய தொவைக்காமயே சுருட்டிக் கொண்டுபோய், புள்ளக்காம்பரா ராணியம்மாகிட்ட குடுத்தேன். இத தோள்ல போட்டுக்கிட்டு மகனுக்குப் பால் குடுங்கன்னு சொன்னேன். ஏன்னு அவங்க கேக்குறதுக்குள்ள வேலைக்கு ஓடிட்டேன்.

அன்னைக்குப் பூரா எனக்குக் கூட்டுல கவனமில்ல. சாயந்தரம் ஓடிப்போய் மொதல்ல போத்தலத்தான் பாத்தேன். காலி. ராணியம்மா நைட்டிய ரெண்டு வெரலால தூக்கி நீட்டுனாங்க: "ஒம்மகன் மடமடன்னு குடிச்சிட்டான்டி, எனக்குத்தான் பால்நாத்தத்துல சோறு எறங்கல!"

வேலை தங்கிருச்சு, மகனும் குடிக்கிறான், இந்தக் கைவைத்தியத்த யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு மட்டும் வீட்டுக்காரரு கேட்டுரக் கூடாது.