இஞ்சின் டிரைவர் தவசிமுத்துவின் காது

என் வீட்டுக்காரர் தவசிமுத்துவுக்கு இரண்டு வருடமாகக் காது சரியாகக் கேட்பதில்லை. ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். தெரியாத ஒரே ஆள் அவர்தான். தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

அதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தூரத்திலிருந்து கூப்பிட மாட்டேன். பக்கத்தில் போய், முகத்துக்கு நேரே நின்று பேசுவேன். போன் வந்தால் நானே எடுத்துவிடுவேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினால், எனக்கும் கேட்கவில்லை, இன்னும் வை என்பேன். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. வாயாடி என்று பேர் எடுத்த இந்த இருதயம்மாள் இரண்டு வருடம் மெதுவாகப் பேசினாள் என்றால் என் அம்மாவே நம்பியிருக்க மாட்டாள்.

ஏன் இந்த நாடகம் என்றால், அந்தக் காதுதான் அவருக்கு எல்லாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் விசைப்படகில் இஞ்சின் டிரைவராக இருந்தவர். யார் படகு மக்கர் செய்தாலும், "முத்து அண்ணனக் கூப்டு" என்பார்கள். இவர் போய் ஸ்பேனர் பெட்டியைத் திறக்கவே மாட்டார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கோளாறு இன்ன இடத்தில் என்பார். சொன்னால் சொன்னதுதான். அந்த இரைச்சலில் காதுக்குக் கொஞ்சம் பஞ்சு வையுங்கள் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"காத அடச்சிகினு ஓட்றவன்லாம் ஒரு டிரைவரா?"

பஞ்சு வைத்த டிரைவரைத் துறைமுகத்தில் யாரும் மதிக்கவும் மாட்டார்கள். அப்படி ஒரு பாழாய்ப்போன பழக்கம் அங்கே. கடைசியில் அந்த இரைச்சலே அவர் காதைத் தின்றுவிட்டது.

படகை விட்டதும் ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். கடலுக்குப் போகாத மனுஷனுக்கு இஞ்சின் என்று இருந்தது அது ஒன்றுதான். போன மாதம் அது விசிலடிக்க ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்தால் போதும், மெலிதாக வீ என்று கிளம்பும். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். தடதடவென்ற சத்தமெல்லாம் கேட்கும், மெல்லிய சத்தம்தான் அவருக்குப் போய்விட்டது. விசிலடிக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? நல்லவேளை, வண்டிக்கு அடியில் ஆயிலும் சொட்டியிருந்தது. அதைக் காட்டினேன்.

"இன்னாய்யா, வாசலெல்லாம் கலீஜா கீது. வந்து பாரு."

பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். "மூச்சு வால்வு அடச்சிகினு கீது" என்றார். இஞ்சினுக்குள் சேரும் புகையை இழுத்துவிடுகிற சின்ன வால்வு, விரல் நீளம்கூட இல்லை. அதன் குழாயை உருவி, வால்வைப் பிடுங்கி எடுத்தார். நல்ல வால்வு என்றால் குலுக்கும்போது உள்ளே கடகடவென்று ஆட வேண்டுமாம். காதருகே வைத்துக் குலுக்கினார்.

"பாத்தியா, சத்தமே இல்ல."

நிஜமாகவே சத்தம் இல்லை. மாதாவே, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மிண்ட் பக்கம் பொன்னுரங்கத்தின் ஸ்பேர்ஸ் கடைக்கு நானும் கூடவே போனேன். புது வால்வை வாங்கிக் குலுக்கினார். கடகடவென்று ஆடியது. கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"இன்னாப்பா, டூப்ளிகேட்டா? சத்தமே வர்ல. வேற குடு."

வேறு ஒன்றைக் கொடுத்தான். அதுவும் நன்றாகத்தான் கடகடத்தது. அதையும் திருப்பித் தந்தார். பொன்னுரங்கம் வாயைத் திறக்குமுன், இவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு மேசைமேல் குனிந்து, அவர் முகத்தருகே வந்து சொன்னான்.

"இப்போ வர்ற மாடலு அப்டித்தாண்ணே. சத்தம் வராது. தைரியமா மாட்டு."

"இன்னா மாடலோ" என்று முணுமுணுத்தபடி வாங்கிக்கொண்டார். அந்தப் பொன்னுரங்கம் நல்லா இருக்கட்டும்.

வீட்டு வாசலிலேயே மாட்டினார். பத்து நிமிட வேலைதான். வால்வை அழுத்தி, குழாயைச் செருகி, கிளிப்பை முடுக்கிவிட்டு, ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கை காட்டினார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி சீராக ஓடியது. இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன். அந்தச் சந்தோஷத்தில் என் பாழும் வாய் உளறிவிட்டது.

"அப்பாடா, விசிலு நின்னு போச்சுய்யா."

முகத்துக்கு நேரே நின்றுதான் சொன்னேன். நன்றாகவே கேட்டுவிட்டது.

"இன்னா விசிலு?"

அவர் வண்டியை நிறுத்தினார். மாட்டிய வால்வைப் பிடுங்கி, என் காதருகே கொண்டுவந்து குலுக்கினார்.

"கேக்குதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய் சொன்னவள், இன்னொன்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"கேக்குது."

"எம்மா நாளா இப்டி?"

"ரெண்டு வர்சமா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட காது ஒண்ணுதான இருந்துது, இருதயம்" என்றார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. முப்பது வருடமாகச் சொல்லாத ஒன்றும் கூடவே வந்தது.

"நாம துறைமுகத்தாண்ட குடியிருந்தப்போ, விடிகாலைல நான் எப்போ அடுப்பு பத்த வெப்பேன் தெரியுமா? உன் போட்டு இஞ்சின் சத்தம் கேட்டப்புறம்தான். நூறு போட்டு உள்ள வரும். உன்னுது மட்டும் எனக்குத் தனியா கேக்கும். அது வர்ற வரைக்கும் பாய்ல உக்காந்துகினு இருப்பேன்."

நிமிர்ந்து பார்த்தார். "இத்தினி வர்சம் சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்ட?"

எழுந்துபோய் வால்வைத் திரும்ப மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்தார். நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து நுனியை இஞ்சின்மேல் வைத்தார். பிடியை என் கையில் கொடுத்தார்.

"கண்ண மூடிக்கோ. இன்னா சொல்லுதுன்னு சொல்லு."

காதில் வைத்துக் கண்ணை மூடினேன். ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்புப் பற்றவைக்க எழ வேண்டும்போல் இருந்தது.

"உன் போட்டு கரைக்கு வர்ற மாரி கீதுய்யா" என்றேன், பழக்கத்தில் மெதுவாக.

"கேக்கலடி" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் முறை.

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னேன்.