மஞ்சள் நூல் கட்டின பீடி

நான் சிவப்புக்கொடிச் சங்கம். என் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, மஞ்சக்கொடிச் சங்கம். மேலப்பாளையத்துல அடுத்தடுத்த வீட்டுல இருந்து பீடி சுத்துதோம். ஒரே வயசு. எழுத்து எனக்குக் கொஞ்சம் தகராறுதான். ஆனா இத்தனை வருசத்துல என் பீடி ஒண்ணைக்கூட, கடையில தரம் பார்க்குற எந்தச் செக்கரும் கழிச்சதில்லை. அதை எங்கன கேட்டாலும் சொல்லுவேன்.

கம்பெனி இலை, புகையிலைத் தூளோட சிவப்பு நூலும் தரும். அதாலதான் பீடியைக் கட்டணும். ஊருக்கெல்லாம் அது வெறும் நூலு. போன தேர்தல் சமயம் மதினிக்கு மட்டும் அது பிரசாரமாத் தெரிஞ்சுது. ஆயிரம் பீடிக்கு ஆயிரம் தடவை உன் கொடியை நான் கட்டணுமாக்கும்னு சண்டைக்கு வந்தா. கட்டக் கட்ட உனக்குப் புத்தி வரும்னு நானும் சொல்லித் தொலைச்சேன்.

மூணாம் நாள், சுத்தின பீடியை அடுக்கின சொளவைத் துணியால மூடிக்கிட்டு, நாங்கள்லாம் கம்பெனிக்குப் பீடி கொடுக்க நின்ன பீடிக்கடைக்கு வந்தா. துணியை விலக்கினா ஆயிரமும் மஞ்சள். வெள்ளை நூல் வாங்கி மஞ்சத்தூள்ல முக்கிக் காயப்போட்டுக் கட்டியிருக்கா.

செக்கர் அண்ணாச்சி ஒண்ணை எடுத்து மோந்து பார்த்தார்.

"இதைக் குடிச்சா இருமல் வராது தாயி, பசிதான் வரும்."

கடை அடைக்க ஒரு மணி நேரம் இருக்கு, அதுக்குள்ள சிவப்புல கட்டித் தரணும், இல்லைன்னா மொத்தமும் கழிவு, இலைக்கும் தூளுக்கும் கூலியில பிடிப்போம்னுட்டார். மதினி முகம் தொங்கிப்போச்சு. ரெண்டு நாள் பாடு.

எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா பீடியைப் பார்த்தா, ஒவ்வொண்ணும் என் கைச் சுத்து மாதிரியே அவ்வளவு லட்சணம். அதைப் போய்க் கழிவுன்னு சொல்ல விடுவேனா? என் நூல்கண்டை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். கடைக்கு வந்திருந்த ரெண்டு சங்கத்துப் பொம்பளைகளும் சுத்தி உட்கார்ந்துட்டாங்க. எல்லார் விரலும் மஞ்சள், கல்யாண வீடு மாதிரி.

அந்நேரம் பார்த்து மஞ்சக்கொடிச் சங்கச் செயலாளர் ரசீது புஸ்தகத்தோட சந்தா வாங்க வந்தார். அவர் ஆட்கள் எங்க ஆட்களோட சேர்ந்து மஞ்சளை அவுத்துச் சிவப்பைக் கட்டுதாங்க. மனுசன் அப்படியே நின்னுட்டார். எல்லாரும் கட்சி மாறியாச்சான்னு பைய கேட்டார்.

மதினி தலையைத் தூக்கலை.

"உங்க கொடிக்காகத்தான் அண்ணாச்சி இந்தப் பாடு. இந்த மாசச் சந்தா நூலாவும் மஞ்சத்தூளாவும் போயிட்டு. ரசீதை வச்சிட்டு ஒரு கட்டைப் பிரிங்க."

அவரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தார். கடை அடைக்கதுக்குள்ள முடிச்சிட்டோம். ஆயிரத்துல ஒன்பதுதான் கழிவு.

ஒன்பதும் அவர் கட்டினது.