சவரிமுத்து அண்ணாச்சி பிரித்த அடைப்புக்குறி

அடைப்புக்குறியைக் கண்டுபிடித்தவர் யாரோ, அதற்காக முப்பது வருஷம் தொண்டை கட்டிப்போவது என்னவோ நம்மைப் போன்ற கணக்கு வாத்தியார்களுக்குத்தான்.

பத்தே முக்கால்

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு டுடோரியலில் சாயங்கால வகுப்பு எடுத்தேன். கடைசி பெஞ்சில் சவரிமுத்து. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் மாணவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் கப்பல் சரக்கை எண்ணும் டாலி கிளார்க் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கணக்கில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தார்.

4(x + 5) = 48 என்று போட்டேன். நாலை எக்ஸோடு மட்டும் பெருக்கி, ஐந்தை அப்படியே விட்டு, பத்தே முக்கால் என்று விடை கொண்டுவந்தார். நானும் ஒரு வாரம் கத்திப் பார்த்தேன். திடீரென்று ஒருநாள் அவரே எழுந்து, கிரேன் வலையில் கொஞ்சம் அரிசி மூட்டையும் அஞ்சு சீனி மூட்டையும் வைத்து நாலு தடவை தூக்குவதாக நினைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்குமேல் எனக்கு அங்கே வேலையில்லை.

"வலைக்குள்ள கெடக்கது அம்புட்டும் நாலு தடவ மேல வரும்லா சார்? சீனிய மட்டும் எப்படிக் கீழ விட்டுட்டு வர?"

இரண்டு பக்கமும்

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 20 − 3(x − 2) = 11 என்ற கணக்கை அவசரத்தில் போட்டு, எக்ஸ் ஒன்று என்று முடித்தேன். வகுப்பே எழுதிக்கொண்டது. அண்ணாச்சி மட்டும் எக்ஸ் இருந்த இடத்தில் அந்த ஒன்றைத் திரும்ப உள்ளே போட்டுப் பார்த்தார். பதினொன்று வரவேண்டிய இடத்தில் இருபத்து மூன்று வந்தது. அடைப்புக்குறிக்குள் இருந்த கழித்தல் குறியை நான் மாற்றாமல் விட்டிருந்தேன். விடை ஐந்து. அவசரமாகக் கரும்பலகையைத் துடைத்தேன். அவரோ என்னை ஆறுதல்படுத்தினார்.

"கப்பல்ல ஒருத்தர் எண்ணுவாரு, கரையில ஒருத்தர் எண்ணுவாரு சார். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் கையெழுத்து. பெரிய பெரிய ஆளுக்கும் ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும்."

முப்பத்தாறு

பரீட்சை முடிந்து வந்தவர், முப்பத்தாறு மார்க்குக்கு மட்டுமே எழுதியதாகச் சொன்னார். ஒவ்வொரு விடையையும் திரும்பப் போட்டுப் பார்த்ததில் நேரம் போய்விட்டதாம். முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். ஒரு படி பிசகினாலும் போச்சு. ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தது முப்பத்தாறு. ஒரு மார்க் குறையவில்லை. மக்ரூன் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் பயமே இல்லையா என்று கேட்டேன்.

"எண்ணிப் பாத்துட்டுத்தான சார் கரையேறுனேன்."

இன்றைக்கும் கரும்பலகையில் ஒரு கணக்கை முடித்ததும், என் கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தபிறகும், விடையை ஒருமுறை உள்ளே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது.