கழுவிக் கவிழ்த்த டின்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் வளர்ந்தன. ஆறில் ஒன்றுகூட அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனதில்லை. நான் மட்டும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கொஞ்சம் சாய்ந்து போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது சின்ன மகனின் வேன் உதறி உதறி ஓடியது. மாத்தளை டவுனில் ஒரு கராஜில் நிறுத்தினான். அங்கிருந்தவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் பெற்றோலைப் போத்தலில் இறக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தண்ணி சேந்திருக்கு. மூடி ரப்பர் தேஞ்சு மழத்தண்ணி எறங்கியிருக்கு" என்றார். மகன், "சரி, கழட்டிச் சுத்தம் பண்ணுங்க" என்றான். அவ்வளவுதான். யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெற்றோல் வாடை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "என்னம்மா, தல சுத்துதா?" என்றான். ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான்.

ரத்தோட்டை வீதியில் எங்களுக்கு ஒரு கராஜ் இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் எஞ்சின் பார்ப்பார். வயரிங் எல்லாம் ரஷீத். டவுனில் இருந்த சோனக ஆள், வீட்டுக்காரரைவிட ஐந்தாறு வயது இளையவர், ஒன்பது வருடம் எங்களோடு இருந்தார். எனக்கென்று தனி வேலை கிடையாது; ஆனால் நான் இல்லாத வேலையும் கிடையாது. பிளக்கின் நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது, கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூடுதல் என்று எனக்குத் தெரியும். கறுப்புப் புகையா, ஒயில் எரியும் நீலப் புகையா என்று அடுப்படியில் நின்றே வாடையில் சொல்லிவிடுவேன். "அண்ணிக்கு இருக்கிறது மூக்கில்ல, மீட்டர்" என்பார் ரஷீத். நோன்பு மாதத்தில் அவர் மனைவி கஞ்சி கொடுத்தனுப்புவார். இஞ்சியும் ரம்பை இலையும் மணக்கிற கஞ்சி. தூக்குச்சட்டியைத் திறந்தால் பிள்ளைகள் ஆறும் சுற்றி வந்துவிடும். கிறிஸ்மஸுக்கு நான் கேக் அனுப்புவேன். அந்தச் சட்டியை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டேன், சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துத்தான் அனுப்புவேன். கஞ்சிக் கதையைச் சொல்லி மற்றதைத் தள்ளிப்போடப் பார்க்கிறேன் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பெற்றோல் வாங்கிவைக்க ஒரு சதுர டின் இருந்தது. ரஷீத்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு பெற்றோல் ஷெட்டுக்குப் போய்வருவார். அதன் அடியில் துருவும் மண்ணும் கிடப்பது எனக்குக் கண்ணை உறுத்தும். ஒரு காலையில் அது காலியாக இருந்தது. தண்ணீர் விட்டுக் குலுக்கி, சாம்பலாலும் தேங்காய்ப் பொச்சாலும் தேய்த்து, வேலியில் கவிழ்த்தேன். தூறல் வந்ததும் எடுத்து இருந்த இடத்தில் வைத்தேன். கவிழ்த்தாலும் அந்த மாதிரி டின்னில் வாயைச் சுற்றிய மடிப்பில் தண்ணீர் தங்கும் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் செய்தது. அதற்காக நான் ஒருநாளும் அழவில்லை.

பல்லேகமவில் படிப்பித்த ஒரு மாஸ்டரின் காருக்கு, அன்று ரஷீத் அந்த டின்னில் வாங்கி வந்த பெற்றோலை ஊற்றி அனுப்பினார்கள். ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் மூன்று தடவை நின்றதாம். உள்ளே நிறைமாத மகள். அவளை வேறு வேனில் ஏற்றிவிட்டு, ஒரு மரக்கறி லொறியில் கயிறு கட்டி மாஸ்டர் காரை இழுத்துக்கொண்டு வந்தார்.

"பனிதான். டிஸ்ட்ரிபியூட்டர்ல ஈரம் ஏறியிருக்கும்" என்று வீட்டுக்காரர் மூடியைக் கழற்றித் துடைத்தார். கார் ஸ்டார்ட் ஆகி, இரண்டு உதறு உதறி நின்றது. ரஷீத் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, என்னைச் சாவி திருப்பச் சொன்னார். பொறி நீலமாகத் தெறித்தது.

"கரண்டுல குத்தமில்ல அண்ணன். பெற்றோலப் பாப்பம்."

காப்ரேட்டர் கிண்ணத்தில் இருந்ததைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றினார். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. டின்னின் மிச்சத்தையும் ஊற்றினார். அதிலும் அப்படியே. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டின்னக் கழுவினீங்களா அண்ணி? அண்ணி கையில அம்புட்டா எஞ்சினயும் சாம்பல் போட்டுத் தேச்சு வேலியில கவுத்திருவாங்க மாஸ்டர்."

மாஸ்டரும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. என் சுத்தத்தைப் பார்த்து எவரும் சிரித்ததில்லை.

"நான் எதுக்கு டின்னத் தொடப் போறேன்? எனக்கு வேற வேல இல்லையா?"

சிரிப்பு நின்றது. வீட்டுக்காரர் கிளாசைப் பார்த்தார். "அப்ப தண்ணி எங்கருந்து வந்துச்சு ரஷீத்? வாங்கிட்டு வந்தது நீதான?"

"பாதிய வித்துட்டுத் தண்ணிய ஊத்தினா இப்பிடித்தான் இருக்கும்" என்றார் மாஸ்டர்.

"நான் எடுக்கல்ல அண்ணன்" என்றார் ரஷீத். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கிளாசை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

திருடினவன் தானே கிளாசில் ஊற்றிக் காட்டுவானா? பனி என்றே விட்டிருந்தால் அவருக்கு ஒரு பழியும் வந்திருக்காது. அதை அங்கே யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

மறுநாள் அவர் வரவில்லை. வில்கமுவ பக்கம் டிராக்டர் பார்க்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்த வருடம் கஞ்சி வரவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது ஃபாதர், "அந்த ஆளுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லத்தான் ஒருதரம் வில்கமுவ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். புறப்பட இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். இறங்கிவிட்டேன். கேட்பவர்களிடம் பஸ்ஸைக் குறை சொன்னேன்.

இப்போது கராஜ் இருந்த இடத்தில் போன் கடை. வேலி இல்லை, மதில். மாஸ்டர் இல்லை. ரஷீத்தைக் கள்ளன் என்று நம்பிக்கொண்டே எங்கள் வீட்டுக்காரர் கண்ணை மூடினார். ரஷீத்தும் வில்கமுவவிலேயே மௌத்தாகிவிட்டாராம். அவர் மகள் அங்கேதான் இருக்கிறாளாம். நான் எழுதிய இதில் ஒரு பிரதி அவளுக்கும் போகவேண்டும். எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"சாலினி, இங்க வா புள்ள. இத எனக்கு வாசிச்சுக் காட்டு. கஞ்சி வர்ற எடத்த வேணும்னா தாண்டிக்க. டின்னக் கழுவினது நான்தான்னு வர்ற எடம் இருக்குல்ல, அத மட்டும் சத்தமா வாசி."